காலும் அரையும் முக்காலும்

அவையோர்க்கு வணக்கம்.

நான் பேசும்போது எங்கே நிறுத்துகிறேன், எங்கே குரலை ஏற்றுகிறேன் என்பது உங்கள் காதுக்குத் தெரிகிறது. இதையே எழுதிக் கொடுத்தால் என் குரல் எழுத்தோடு சேர்ந்து வராது. அந்த வேலையைத்தான் நிறுத்தக்குறிகள் பார்க்கின்றன.

"முன்னோர்கள் குறி இல்லாமலே எழுதினார்களே?" என்பீர்கள். உண்மைதான். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டவர்கள் வாக்கியத்துக்கா வைக்கப்போகிறார்கள்? ஆனால், அங்கே பெரும்பாலும் செய்யுள். சீரும் எதுகையும் வழிகாட்டின. அப்படியும் உரையாசிரியர் தேவைப்பட்டார்! உரைநடைக்கு அந்தத் துணை கிடையாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களில் குறிகளை அக்கறையோடு இட்டார்.

கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தத்தின் அளவையே நாம் பெயராக வைத்திருக்கிறோம். இவற்றில் தொல்லை தருவது சின்னதுதான்; காற்புள்ளி.

"நேற்று வந்த ஆசிரியரின் மகன்." வந்தவர் யார், ஆசிரியரா, மகனா? 'வந்த' என்பது பெயரெச்சம்; அது பக்கத்தில் நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். "நேற்று வந்த, ஆசிரியரின் மகன்" என்று எழுதினால்தான் அது தாண்டிப் போய் மகனைச் சேரும். வேண்டாத இடமும் உண்டு. "கதை, கவிதை, கட்டுரை" என்றால் காற்புள்ளி வேண்டும். "கதையும் கவிதையும் கட்டுரையும்" என்றால் 'உம்' அந்த வேலையை முடித்துவிட்டது. என் கணக்கில் அங்கே காற்புள்ளி மிகை.

அடுத்தது மேற்கோள்குறி. "தம்பி நான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னான்." குற்றவாளி யார்? தம்பி தன்னைச் சொன்னானா, என்னை மாட்டிவிட்டானா? 'நான்' என்பதற்கு முன்னால் குறியைத் திறந்து, 'செய்துவிட்டேன்' என்பதற்குப் பின்னால் மூடுங்கள், தம்பி ஒப்புக்கொண்டுவிடுவான்.

"அவர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை" என்பதற்கு வினாக்குறி போடாதீர்கள். அது கேள்வி அல்ல. உணர்ச்சிக்குறியை மூன்று மூன்றாகப் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சற்று முன் நானும் ஒன்று போட்டேன்.

வீட்டுக்குப் போய், போன மாதம் எழுதிய பக்கம் ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறதோ, அங்கே பென்சிலால் கோடிடுங்கள். சில கோடுகளுக்கு ஒரு காற்புள்ளி போதும். மற்றவற்றுக்கு எந்தக் குறியும் உதவாது. வாக்கியத்தையே இரண்டாக உடைக்க வேண்டியிருக்கும்.