திருத்தும் கண்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

நாடகத்தையே பாடமாக எடுத்துப் படித்தோ, வேறு ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டே கல்லூரி மேடையை விட்டு இறங்காமல் நாளைக் கழித்தோ, இனி நாடகம்தான் என்ற முடிவோடு வெளியே வரும் இளைஞர்களை நினைத்து இந்த உரையை எழுதியிருக்கிறேன். கல்லூரியில் இருக்கும்வரை சில வசதிகள் நாம் கேட்காமலே கிடைத்துவிடுகின்றன. ஒத்திகைக்கு ஓர் அறை இருக்கிறது. மாலையில் அதற்கென்று நேரம் இருக்கிறது. வராதவரைத் தேடிப் பிடித்து அழைத்துவர நண்பர்கள் இருக்கிறார்கள். நாம் செய்வது பொய்யாகத் தெரிந்தால் பாதியில் நிறுத்தி, "மறுபடி செய்" என்று சொல்ல ஆசிரியர் இருக்கிறார். பட்டம் வாங்கிய மறுமாதமே இவை அனைத்தும் நம்மைவிட்டுப் போய்விடுகின்றன. அறைக்குப் பதிலாக மொட்டைமாடி போதும், நேரத்தையும் எப்படியாவது ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் பாதியில் நிறுத்திச் சொல்லும் அந்த ஆசிரியருக்கு மாற்று அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அவர் இல்லாமல் போனதை உணர்வதற்கே நம்மில் பலருக்குச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதுதான் என்னை வருத்துவது.

ஜப்பானின் நோ நாடக மரபை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஸெயாமி. 1400ஆம் ஆண்டளவில் தம் வழிவந்தவர்களுக்காக அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகளில், நடிகரின் வாழ்வை ஏழு வயது தொடங்கி ஐம்பதைக் கடந்த முதுமை வரை பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டுகிறார். அவற்றுள் 24, 25 வயதைப் பற்றிய பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த வயதில் குரல் நிலைத்துவிடுகிறது, உடலும் வடிவம் பெற்றுவிடுகிறது, பார்ப்பவர்கள் புதிய திறமை ஒன்று வந்துவிட்டதென்று வியக்கிறார்கள்; போட்டி என்று வந்தால் பெயர்பெற்ற மூத்த கலைஞரைக்கூட அந்த இளைஞர் ஒருமுறை வென்றுவிடலாம். ஆனால் அது பருவமும் புதுமையும் சேர்ந்து பூக்கவைத்த பூ, பயிற்சியால் பூத்த பூ அன்று என்கிறார் ஸெயாமி. தானே தேர்ந்தவன் என்று எண்ணிக்கொள்பவர் அந்தப் பூ உதிர்வதைக்கூட அறியாமல் போய்விடுவார் என்றும், புகழ் வந்த அந்த நேரத்தில்தான் தேர்ந்தவர்களிடம் நுணுக்கமாகக் கேட்டறிந்து பயிற்சியைக் கூட்டவேண்டும் என்றும் எச்சரிக்கிறார். 600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் சொற்கள் கல்லூரியை விட்டு வெளியே வரும் நம் வயதை இத்தனை சரியாகக் குறித்துவிட்டதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

அந்த எச்சரிக்கை எனக்கு ஏன் உறைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்த அடுத்த ஆண்டு ஒரு குழுவில் முதியவர் ஒருவரின் பாத்திரம் எனக்குக் கிடைத்தது. கூன் விழுந்த முதுகும் நடுங்கும் விரல்களும் உடைந்த குரலுமாக நான் மேடையில் நடந்து வந்தபோதெல்லாம் அரங்கில் கைதட்டல் எழுந்தது. நான்காவது நிகழ்ச்சி முடிந்து பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒளியமைப்பைக் கவனித்துவந்த பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, நீ பேசும்போது மேடையில் இருக்கிறாய். பேசி முடித்ததும் போய்விடுகிறாய்" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, எதிரில் நிற்பவர் பேசும் சொற்களில் ஒன்றைக்கூட நான் காதில் வாங்கியதில்லை என்பது புரிந்தது. என் முறை எப்போது வரும் என்று மட்டும்தான் காத்திருந்திருக்கிறேன். கல்லூரியில் என் ஆசிரியர் இதே குறையை வேறு சொற்களில் சொல்லியிருக்கக்கூடும். அப்போது அது மதிப்பெண்ணுக்கான பேச்சாக மட்டுமே என் காதில் விழுந்திருக்கும்.

இன்னொருவர் வந்து சொல்லும்வரை காத்திராமல் தம்மைத் தாமே பார்க்கப் பழகியவர்களும் உண்டு. மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து நிறுவிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, தம் 14ஆம் வயதிலிருந்தே நடிப்பைப் பற்றிக் குறிப்பேடு எழுதிவந்தார். எந்த இடத்தில் குரல் உயர்ந்துவிட்டது, எந்த அசைவு மிகையாகிவிட்டது என்று தமக்குத் தாமே கணக்கெழுதுவதுபோல எழுதினார். 1906ஆம் ஆண்டுக் கோடையில், புகழின் உச்சியில் இருந்தபோது, பின்லாந்தில் ஓய்வெடுக்கச் சென்ற இடத்தில் ஓர் உண்மை அவரைத் தைத்தது. நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தில் டாக்டர் ஸ்டாக்மனாகத் தாம் நடித்துப் பெரும் பாராட்டுப் பெற்ற பாத்திரத்தில் இப்போது உயிர் இல்லை, முன்பு உள்ளிருந்து எழுந்த அசைவுகளின் வெளித்தோற்றத்தை மட்டும் இரவுக்கிரவு திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம் என்று கண்டார். பின்னாளில் உலகெங்கும் நடிப்புப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட அவருடைய முறையின் தொடக்கம் அந்தக் கோடையில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 43.

குறிப்பேடு எழுதுவதை நான் மிகவும் வலியுறுத்துவேன். நிகழ்ச்சி முடிந்த இரவிலேயே, களைப்பாக இருந்தாலும், எங்கே நம் கவனம் சிதறியது, எந்த வரியைப் பொருள் இல்லாமல் ஒப்பித்தோம் என்று பத்து வரி எழுதிவிட்டுத் தூங்க வேண்டும். காலையில் எழுதினால் நினைவு நம்மைக் காப்பாற்றத் தொடங்கிவிடும்.

சேர்ந்து வளர்வதற்கு 1964இல் நார்வேயின் ஓஸ்லோவில் தொடங்கப்பட்ட ஓடின் அரங்கம் என்ற நாடகக் குழுவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நாடகப் பள்ளியில் இடம் கிடைக்காத இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டுதான் இத்தாலிய இயக்குநர் யூஜெனியோ பார்பா அதைத் தொடங்கினார். அங்கே சம்பளத்துக்கு ஆசிரியர் எவரும் இல்லை. ஒருவருக்கு ஊமை நடிப்பு தெரியும், ஒருவருக்கு பாலே தெரியும், ஒருவருக்கு உடற்பயிற்சி தெரியும். தெரிந்ததைத் தெரியாதவருக்கு ஒருவர் மாற்றி ஒருவர் கற்றுக்கொடுத்தார்கள். 1966இல் டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோ நகரம் அவர்களை அழைத்து இடம் கொடுத்தது. கல்லூரி நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து குழு தொடங்கும்போது எல்லாரும் நடிகர்களாகவும் ஒருவர் மட்டும் இயக்குநராகவும் இருந்துவிடுவதால்தான் அது விரைவில் கலைந்துபோகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த நாடகம் கிடைக்காத மாதங்களிலும் கூடிப் பயிற்சி செய்ய ஒரு காரணம் வேண்டும். கற்றுக்கொடுப்பது அந்தக் காரணத்தைத் தந்துவிடும்.

மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் இளைஞர்கள் சிலர் முகம் வாடிப்போகிறார்கள். மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லவந்த இளங்கோவடிகள், ஆடல் ஆசான் முதல் யாழ் ஆசிரியன் வரை ஒவ்வொருவரின் தகுதியையும் விரித்துரைத்துவிட்டு, மேடையின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல் என்று அளந்து சொல்லி, மூன்று வகைத் திரைகளைக் காட்டி, தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கை நிறுத்திய செய்தியையும் விடாமல் பதிவு செய்கிறார். அந்த நிழலைக் கவனித்த கண்தான் எனக்கு வாய்த்த பெரியவரின் கண்ணும். நடிக்க வாய்ப்பில்லாத மாதங்களில் ஒளிப்பலகைக்கு அருகில் அமர்ந்து ஒரே நாடகத்தை இருபது இரவு பார்த்தவருக்கு, நடிகர் எப்போது மேடையில் இருக்கிறார், எப்போது போய்விடுகிறார் என்பது தானாகவே தெரியத் தொடங்கும்.

பிழைப்பைப் பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும். நாடகத்துக்காகப் பட்டினி கிடப்பதை நான் பெருமையாகக் கருதவில்லை. மாலை நேரத்தையும் உடலின் தெம்பையும் விட்டுவைக்கும் வேலை ஒன்றைத் தேடிக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. ஒரு குழுவில் சேரும்போது ஊதியம் உண்டா, பயணச்செலவு யாருடையது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்கத் தயங்கியே நல்ல நட்புகள் முறிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, திருத்துபவரிடம் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லவேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் எவரும் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள், அன்பு உள்ளவர்களால் அந்த நேரத்தில் வேறு எதையும் சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து, மேடைக்கு நெடுநாள் பழகிய ஒருவரிடமும் நாடகமே பார்த்திராத ஒருவரிடமும் தனித்தனியாகச் சென்று, "எந்த இடத்தில் உங்கள் கவனம் என்னைவிட்டு விலகியது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது விளக்கம் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சுட்டினார்களென்றால், அடுத்த நாள் ஒத்திகையை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.