கொத்தனாருக்கு இங்க இடம் இல்ல! 1839-ல ஆரம்பிச்ச ஹென்லி படகுப் போட்டியின் கதை

[அல்சூர் ஏரிக்கரை. காலை ஆறரை மணி.]

கையால உழைச்சுக் கூலி வாங்குறவர் எங்க போட்டியில துடுப்பு பிடிக்கக் கூடாது. இப்படி ஒரு விதியை எழுதி வச்சு, 58 வருஷம் கட்டிக் காப்பாத்துன ஒரு படகுப் போட்டி இருக்குங்க. அந்த விதியைக் காட்டி ஒரு கொத்தனாரைத் திருப்பி அனுப்புனாங்க. அவர் அதே வருஷம் ஒலிம்பிக் போனார். அரை மணி நேர இடைவெளியில ரெண்டு தங்கம்! கதை அதோட முடியல. 61 வருஷம் கழிச்சு, அதே போட்டியில ஜெயிச்சவங்களுக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்த கை அந்தக் கொத்தனாரோட மகள் கை.

வணக்கம் மக்களே. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில இருந்து பேசுறேன். எனக்குப் பின்னால தெரியுறது நம்ம வள்ளுவர் சிலை. 18 வருஷம் மூடியே கிடந்து, 2009-ல திறந்தாங்களே, அதேதான். ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம். ராணுவத்துல இன்னைக்கும் அந்தப் படைக்காரங்களைத் 'தம்பி'ன்னுதான் கூப்பிடுறாங்க. நான் பொறந்து வளர்ந்தது இங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி. என் தாத்தா கொத்தனார். வாணியம்பாடிப் பக்கத்துல இருந்து கரணையும் குண்டுநூலும் எடுத்துக்கிட்டு வந்தவர். அதனால இந்தக் கதையில நான் யார் பக்கம்னு முதல்லயே சொல்லிடுறேன்.

[வரைபடம்: தேம்ஸ் நதி]

பின்னணியை வேகமா முடிச்சிடலாம். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில ஹென்லின்னு ஒரு சின்ன ஊர். 1829-ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களோட முதல் படகுப் போட்டி இங்கதான் நடந்துச்சு. கூட்டம் அலைமோதுச்சு. ஊர்ப் பெரியவங்க பார்த்தாங்க, நமக்குன்னே ஒரு விழா இருந்தா ஊருக்கு வரும்படின்னு முடிவு பண்ணி, 1839 மார்ச்ல டவுன் ஹால்ல கூட்டம் போட்டாங்க. ஜூன் 14-ஆம் தேதி முதல் போட்டி, ஒரே ஒரு மதியம். 1851-ல விக்டோரியா ராணியோட கணவர் ஆல்பர்ட் புரவலர் ஆனார், பேர்ல 'ராயல்' ஒட்டிக்கிச்சு. ரெண்டு உலகப் போர் வருஷங்களும், கொரோனா வந்த 2020-ம் தவிர ஒரு வருஷமும் நிக்கல. இப்போ ஆறு நாள் விழா. பின்னணி அவ்வளவுதான்.

இப்போ போட்டி எப்படி நடக்குதுன்னு பாருங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரு தடவைக்கு ரெண்டே ரெண்டு படகு. தோத்தவர் வீட்டுக்கு, ஜெயிச்சவர் அடுத்த சுற்றுக்கு. தூரம் 1 மைல் 550 கஜம், அதாவது 2,112 மீட்டர். ஒலிம்பிக்ல 2,000 மீட்டர்தான். இங்க கூடுதலா ஒரு 112 மீட்டர், அதுவும் நீரோட்டத்தை எதிர்த்து. கடைசி அந்த நூத்திச் சொச்சம் மீட்டர்ல நுரையீரல் எரியுமாம். எட்டுப் பேர் வலிக்குற படகு மொத்தத்தையும் ஆறு, ஏழு நிமிஷத்துல முடிச்சிடும். நடந்து போனா நமக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்.

ஆலப்புழை புன்னமடக் காயல்ல நேரு கோப்பை பார்த்திருப்பீங்க. சுண்டன் வள்ளத்துல நூறு பேர் வரைக்கும் உக்காந்து, வஞ்சிப்பாட்டோட தாளத்துக்குத் துடுப்பு போடுவாங்க. அவங்க எல்லாரும் முன்னால பார்த்துதான் உக்காருவாங்க. இங்க தலைகீழ். துடுப்பு வலிக்குற எட்டுப் பேரும் போற திசைக்கு முதுகைக் காட்டி உக்காந்திருப்பாங்க. எல்லைக்கோடு அவங்க கண்ணுக்கே தெரியாது. பின்னால வர்ற எதிராளியத்தான் பார்க்க முடியும். முன்னாடி பார்க்குற ஒரே ஆள் சுக்கான் பிடிக்குற காக்ஸ். ஒல்லியா, எடை கம்மியா இருக்குற ஆளாத் தேடிப் பிடிச்சு உக்கார வைப்பாங்க. ஏன்னா அவர் துடுப்பு வலிக்க மாட்டார். படகுக்கு அவர் பாரம்தான்.

அந்தப் பாரத்தையும் இறக்கிட்டா என்னன்னு ஒருத்தர் யோசிச்சார். 1868. ஆக்ஸ்ஃபோர்டுல பிரேஸ்நோஸ் கல்லூரி. வுட்கேட்னு ஒரு வீரர். நாலு பேர் படகுக்கான ஸ்டூவர்ட்ஸ் கோப்பையில இறங்குறார். விதிப்படி காக்ஸ் வேணும். சரின்னு வெதர்லின்னு ஒரு மாணவரை ஏத்திக்கிட்டார். போட்டி ஆரம்பிச்ச உடனே அந்த வெதர்லி படக்குன்னு தண்ணியில குதிச்சிட்டார்! ஏற்கெனவே பேசி வச்ச ஏற்பாடு. அல்லிக் கொடியில சிக்கித் தவிச்சுக் கரையேறியிருக்கார். எடை குறைஞ்ச படகு பறந்து போய் ஜெயிச்சுது. ஜெயிச்ச உடனே தகுதி நீக்கமும் வந்துச்சு. ஆனா அஞ்சே வருஷத்துல, 1873-ல, அதே கோப்பையைக் காக்ஸ் இல்லாத படகுக்கான போட்டியா மாத்திட்டாங்க. தண்ணியில குதிச்ச அந்தப் பையன் பின்னால இங்கிலாந்தே பாடுற பாட்டுகளை எழுதுன பாடலாசிரியர் ஆனார். நான் இந்தப் பகுதியை எடிட்டிங் மேஜையில நாலு தடவை போட்டுப் பார்த்தேன், அலுக்கல.

1843-ல இன்னொண்ணு நடந்துச்சு. ஆக்ஸ்ஃபோர்டு அணியில ஒருத்தர் இறுதிப் போட்டிக்குக் கிளம்புற நேரத்துல உடம்பு முடியாம விழுந்துட்டார். மாத்து ஆள் போட எதிரணி ஒத்துக்கல. எட்டுப் பேர் படகை ஏழு பேரே வலிச்சு ஜெயிச்சாங்க.

[கருப்புத் திரை. ஒரு செங்கல் வைக்கும் சத்தம்.]

இப்போ நம்ம கொத்தனார் கதைக்கு வர்றேன். வீடியோவை ஓட்டிப் பார்க்காதீங்க, இதுக்காகத்தான் இந்த வீடியோவே.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. தேம்ஸ் நதியில படகு வலிக்குறதை கல்லூரிப் பசங்க கண்டுபிடிக்கல. நம்ம ஒகேனக்கல் பரிசல்காரங்க மாதிரி, ஆளுங்களை அக்கரை இக்கரை ஏத்தி இறக்கிப் பிழைச்ச ஓடக்காரங்க லண்டன்ல ஆயிரக்கணக்குல இருந்தாங்க. அவங்கள்ல தொழில் கத்து முடிக்குற இளைஞர்களுக்காகவே 1715-ல டாகெட்னு ஒரு நாடக நடிகர் ஒரு போட்டி ஆரம்பிச்சு வச்சார். பரிசு ஒரு சிவப்புக் கோட்டும் வெள்ளி வில்லையும். ஹென்லிக்கு 124 வருஷம் முந்தினது. இன்னைக்கும் நடக்குது. ஆக, துடுப்பு உழைப்பாளியோட கையிலதான் முதல்ல இருந்துச்சு.

பணக்கார வீட்டுப் பிள்ளைங்க அதை விளையாட்டா எடுத்துக்கிட்டாங்க. சந்தோஷம். ஆனா, தினமும் துடுப்பு வலிக்குற ஓடக்காரரோட மோதுனா யார் ஜெயிப்பாங்க? அந்தப் பயம் அவங்களுக்கு இருந்துச்சு. ஹென்லியில 'அமெச்சூர்', அதாவது காசுக்காக இல்லாம ஆசைக்காக விளையாடுறவருக்கு மட்டும்தான் இடம். 1879-ல ஹென்லி நிர்வாகம் அந்த 'அமெச்சூர்' யாருன்னு ஒரு விளக்கம் எழுதுச்சு. பணத்துக்காகப் போட்டி போட்டவர் அமெச்சூர் இல்ல. சரி, அதுல ஒரு நியாயம் இருக்கு. அடுத்த வரியைக் கேளுங்க. கூலிக்கு வேலை பார்த்த மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி, இவங்க யாரும் அமெச்சூர் இல்ல. படகுக்குச் சம்பந்தமே இல்லாத வேலையா இருந்தாலும் சரி. தச்சரும் இல்ல, கொல்லரும் இல்ல. உடம்பு உழைப்பு அவங்களுக்குக் கூடுதல் பலம் கொடுக்குதாம். மேஜையில உக்காந்து மூணு வேளையும் நல்லாச் சாப்பிட்டு, மதியம் முழுக்கப் பயிற்சி எடுக்க நேரம் இருக்குறவருக்கு அது கூடுதல் பலம் இல்லையாம்! இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்துச்சு. எங்க தாத்தா எட்டு மணி நேரம் சாரத்துல நின்னு செங்கல் வச்சுட்டு வந்து, படியில உக்காந்து முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பார். அந்த உடம்பு சாயங்காலம் துடுப்பு வலிக்கக் கிளம்பியிருந்தா, அதைப் பாராட்டணுமா, தடுக்கணுமா? கமெண்ட்ல சொல்லுங்க.

அமெரிக்கா, ஃபிலடெல்ஃபியா நகரம். ஜான் கெல்லி. ஐரிஷ் குடும்பத்துப் பையன், செங்கல் வைக்குற வேலை பார்த்தவர். தனி ஆள் படகுல அமெரிக்காவுலயே அவரை மிஞ்ச ஆள் இல்ல. 1920-ல ஹென்லியோட டயமண்ட் ஸ்கல்ஸ் போட்டிக்கு விண்ணப்பிச்சார். 1844-ல இருந்து நடக்குற தனி ஆள் போட்டி அது, அந்தக் காலத்துல உலகத்துலயே பெருசு. அவர் விண்ணப்பத்தை நிராகரிச்சாங்க. நிர்வாகக் குறிப்புல ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, அவரோட படகுக் கிளப்பான வெஸ்பர் மேல 1905 போட்டிக்கு அப்புறம் ஒரு தடை இருந்துச்சு. ரெண்டாவது, அவர் கையால உழைச்சவர். நியாயமாப் பேசணும்னா, கிளப் தடை ஒண்ணே அவரை நிறுத்தப் போதும். அப்படி இருந்தும் ரெண்டாவது காரணத்தை வேலை மெனக்கெட்டு எழுதி வச்சாங்க பாருங்க, அதுதான் என்னை உறுத்துது.

அந்த வருஷம் டயமண்ட் ஸ்கல்ஸை ஜெயிச்சது ஜாக் பெரெஸ்ஃபோர்டுன்னு ஒரு ஆங்கிலேயர். உண்மையிலேயே பெரிய வீரர், பின்னால அஞ்சு ஒலிம்பிக்ல பதக்கம் வாங்குனவர். ஆகஸ்ட் மாசம் பெல்ஜியத்துல ஒலிம்பிக். தனி ஆள் படகு இறுதிப் போட்டி. ஒரு பக்கம் பெரெஸ்ஃபோர்டு, இன்னொரு பக்கம் கெல்லி. ஹென்லியில நடக்கவேண்டிய போட்டி கால்வாய்த் தண்ணியில நடந்துச்சு. ஒரே ஒரு விநாடி வித்தியாசம். கெல்லி ஜெயிச்சார்! மூச்சு வாங்கிக்கிட்டே அரை மணி நேரம் கழிச்சு, ஒன்றுவிட்ட சகோதரர் பால் காஸ்டெல்லோவோட ரெட்டையர் படகுல உக்காந்தார். அதுலயும் தங்கம். 1924 பாரிஸ்ல ரெண்டு பேரும் மறுபடியும் தங்கம்.

கட்டுமானத் தொழில்ல கெல்லி பெரிய கோடீஸ்வரர் ஆனார். ஆனா ஹென்லி மனசுல முள்ளாக் கிடந்துச்சு. மகன் பொறந்தார், அவருக்கும் ஜான் கெல்லின்னே பேரு. சின்ன வயசுலயே அவர் கையில துடுப்பைக் கொடுத்தார். 1947-ல மகன் ஹென்லிக்குப் போய் அதே டயமண்ட் ஸ்கல்ஸை ஜெயிச்சார். 1949-ல மறுபடியும் ஜெயிச்சார். அப்பாவுக்கு மூடுன கதவு வழியா மகன் ரெண்டு தடவை நடந்து போனார்.

அந்தக் கதவு எப்போ திறந்துச்சு? 1936-ல ஆஸ்திரேலியாவோட ஒலிம்பிக் படகு அணி இங்கிலாந்து வந்துச்சு. எட்டுப் பேரும் போலீஸ்காரங்க. பெரிய கோப்பைக்கு, கிராண்ட் சேலஞ்ச் கப்புக்கு, அவங்களையும் சேர்க்கல. இது பெரிய சங்கடமாகி, 1937-ல அந்த வரியை எடுத்தாங்க.

அந்த மகள் யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பீங்க. ஹாலிவுட் நடிகையா இருந்து மொனாகோ இளவரசி ஆன கிரேஸ் கெல்லிதான். 1981-ல ஹென்லி நிர்வாகம் அவங்களைப் பரிசு வழங்கக் கூப்பிட்டுச்சு. இப்போ பெண்கள் நாலு பேர் படகுக்கான ஒரு கோப்பைக்கு இளவரசி கிரேஸ் பேர்தான்.

[பட்டன் ஒலி]

இந்தக் கதை பிடிச்சிருந்தா ஒரு லைக் போடுங்க. முக்கியமா, கட்டட வேலை செஞ்ச உங்க அப்பா, தாத்தாவுக்கு இதை அனுப்புங்க.

பெண்கள் விஷயத்துலயும் ஹென்லி நத்தை வேகம்தான். 1975-ல தான் ஆண்கள் படகுல காக்ஸா உக்கார விட்டாங்க. 1993-ல தான் பெண்களுக்கு ஒரு நிரந்தரப் போட்டி. அதுக்கு 154 வருஷம்! 2017-ல ஆண்கள், பெண்கள் திறந்த பிரிவுப் போட்டிகளோட எண்ணிக்கை சமமாச்சு. உடை விதியும் பிரபலம். உறுப்பினர் பகுதிக்குள்ள ஆண்கள்னா கோட்டு, டை. பெண்கள்னா முழங்காலுக்குக் கீழ தொங்குற உடை. பெண்கள் பேன்ட் போட 2021-ல தான் அனுமதி கிடைச்சுது. கிளப் கிளப்பா வண்ணக் கோட்டு வேற. கேம்பிரிட்ஜ்ல ஒரு படகுக் கிளப்போட பளிச்சுன்னு இருக்குற சிவப்புக் கோட்டுல இருந்துதான் 'பிளேசர்'ங்குற வார்த்தையே வந்துச்சுன்னு சொல்வாங்க. ஹென்லியிலயே இருக்குற லீண்டர் கிளப்புக்கு இளஞ்சிவப்பு நிறம், சின்னம் நீர்யானை.

ஒரு விஷயத்துல மட்டும் அவங்களை மனசாரப் பாராட்டுவேன். பரிசுப் பணம் கிடையாது. கரை முழுக்க விளம்பரப் பலகை கிடையாது. நம்ம கிரிக்கெட்டுல ஸ்டம்புக்கே ஸ்பான்சர் இருக்குற காலத்துல, உறுப்பினர் சந்தாவையும் சீட்டுப் பணத்தையும் வச்சே நடத்திக்கிறாங்க. மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் போட்டியை நிறுத்துவாங்க. முடிவை அறிவிக்கும்போது எத்தனை படகு நீளத்துல ஜெயிச்சாங்கன்னு சொல்வாங்க. ரொம்ப தூரம் தள்ளி ஜெயிச்சா ஒரே வார்த்தை: 'ஈசிலி'.

ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்துல போட்டி. யூடியூப்லயே நேரலையா போடுறாங்க. அங்க காலை ஒன்பது மணின்னா நமக்கு மதியம் ஒன்றரை. மத்த படகுகளை விட்டாலும் டயமண்ட் ஸ்கல்ஸை மட்டும் விடாதீங்க. ஒரு ஆள், ரெண்டு துடுப்பு, திசை சொல்லக் காக்ஸ் இல்ல. நடுவர் படகுல நின்னுக்கிட்டே பின்னால வருவார். கோயில் தீவுன்னு ஒரு சின்னத் தீவு, 1771-ல கட்டுன வெள்ளை மண்டபம் ஒண்ணு அதுல நிக்கும். கொத்தனாரைத் துடுப்பு பிடிக்க விடாத போட்டி, ஏதோ ஒரு கொத்தனார் கட்டுன அந்த மண்டபத்துப் பக்கத்துல இருந்துதான் ஒவ்வொரு தடவையும் கிளம்புது.

அடுத்த வீடியோவுக்குச் சென்னை போறேன். 1867-ல அடையாத்துக் கரையில ஆரம்பிச்ச மெட்ராஸ் போட் கிளப், அதுக்கும் கொழும்புக்கும் நடக்குற போட்டி. கொழும்புல இருந்து பார்க்குறவங்க யாராவது அந்தப் போட்டியில துடுப்பு வலிச்சிருந்தா கீழ எழுதுங்க, நானே உங்களைக் கூப்பிடுறேன்.