ஒப்பீட்டுக்குக் காசு கொடுத்தது யார்?

[காட்சி: பாம்பன் கரை, விடிகாலை. கூடைகளில் மீன், பக்கத்தில் தராசு.]

குரல்: நம்ம கரையில் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, பிடித்த மீனை அவருக்குத்தான் போட வேண்டும். விலையும் பெரும்பாலும் அவர் சொல்வதுதான். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனிக்கு மென்பொருள் எழுத வேண்டும், எந்த மென்பொருள் தளத்தில், ஜாவாவா மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டா என்று பேச்சு வந்தால், விற்க வந்தவர் நீட்டும் ஒப்பீட்டு அட்டவணையை அப்படியே நம்பிவிடுகிறோம்.

[காட்சி: திரையில் இணையக் கடை ஒன்றின் முகப்பு.]

ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், பெட் ஸ்டோர் என்று ஒரு மாதிரி மென்பொருளை வெளியிட்டது. செல்லப்பிராணி விற்கும் கடை. பெரிய மென்பொருளை எப்படி அடுக்கடுக்காகப் பிரித்து எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க எழுதியது. வேகப் போட்டிக்கு அல்ல. மைக்ரோசாஃப்ட் அதே கடையை டாட்நெட்டில் எழுதி, நான்கில் ஒரு பங்கு வரிகளே போதும், வேகமும் அதிகம் என்று விளம்பரம் செய்தது.

வரிகளை எண்ணியதில் பொய் இல்லை. ஆனால் சன் எழுதியது எந்த டேட்டாபேஸோடும் ஓட வேண்டியது. மைக்ரோசாஃப்ட் எழுதியது, வேலையில் ஒரு பகுதியைத் தன் சொந்த டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வருக்குள்ளேயே தள்ளிவிட்டது. ஒரு கூடையை ஐஸோடும் இன்னொன்றை ஐஸ் வடித்தும் நிறுத்தால், தராசைக் குறை சொல்லி என்ன பயன்?

2002-ல் மிடில்வேர் கம்பெனி என்ற நிறுவனம் இரண்டையும் மறுபடி மோதவிட்டது. டாட்நெட் ஜெயித்தது. சோதனைக்குப் பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். ஜாவாக்காரர்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டு அதே கம்பெனி திரும்பவும் சோதித்தது.

[காட்சி: நான்கு கோப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறக்கின்றன.]

சரி, ஜாவா பக்கம் மட்டும் சுத்தமா? இல்லை. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்றார்கள். ஆனால் ஜாவா நிரல்களை ஓட்டும் சர்வர் மென்பொருள் விற்ற ஐபிஎம், பிஇஏ நிறுவனங்கள் ஜாவாவின் பொது விதிக்கு மேல் சொந்த வசதிகளைச் சேர்த்தன. அவற்றைப் பயன்படுத்தியவர் வேறு சர்வருக்கு மாறுவது பெரும்பாடு. பெரிய நிறுவன மென்பொருளுக்கான ஜாவா முறையான எண்டர்பிரைஸ் ஜாவா பீனில் சின்ன வேலைக்கே நான்கு கோப்பு: இரண்டு இன்டர்ஃபேஸ், ஒரு கிளாஸ், ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அந்தச் சிக்கலைச் சமாளிக்கக் கருவியும் பயிற்சியும் விற்றார்கள். 2004-ல் அதே வேலையை எளிதாக்கும் ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் 1.0 பதிப்பு வந்தபோதுதான், இவ்வளவு சுமை தேவையே இல்லை என்று பலருக்கும் உறைத்தது. எனக்கு இதுதான் ஆறாத கோபம்: எத்தனை பேருடைய ராத்திரித் தூக்கம் அதில் போயிருக்கும்!

[காட்சி: நண்டுக் கம்பெனி. வரிசையாக உட்கார்ந்து சதை பிரிக்கும் பெண்கள்.]

அப்புறம் 2010-ல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. 2023 ஜனவரியில் ஜாவாவின் அடிப்படைப் பதிப்பான ஜாவா எஸ்இக்கான சந்தாவுக்குப் புதுக் கணக்கு கொண்டுவந்தது: ஜாவாவைத் தொடுபவர்களுக்கு மட்டும் அல்ல, நிறுவனத்தின் மொத்த ஊழியர்களுக்கும் தலைக்கு இவ்வளவு. பகுதிநேரம், தற்காலிகம் எல்லாம் சேர்த்தி. ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்ஜேடிகே இலவசமாகவே கிடைக்கிறது. விற்க வருபவர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் கையெழுத்துப் போட்டால், கம்ப்யூட்டரையே தொடாமல் காலையிலிருந்து நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும் இந்த அக்காவும் அந்தக் கணக்கில் ஒரு தலை.