டிக்கியே பெட்டி

வணக்கம் நேயர்களே.

காரில் சப்-ஊஃபர், அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர், பொருத்த வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இரண்டு ஆசை. பாட்டில் தவிலும் உறுமியும் நெஞ்சில் இறங்க வேண்டும். டிக்கியும் காலியாக இருக்க வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏறுமே, அதற்கு இடம் வேண்டாமா? பெட்டியோடு வரும் ஊஃபர் டிக்கியில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் "பெட்டி இல்லாமல் வைக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள். வைக்கலாம், நன்றாகவே பாடும். என் தொழிலில் நான் மிகவும் விரும்பிச் செய்யும் முறையே அதுதான். ஆனால் பெட்டி இல்லை என்பதற்காக வேலையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஊஃபரின் கோன், அதாவது நடுவில் அதிரும் கூம்பு, முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டு பக்கமும் ஒலி பிறக்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிராக. பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கும் மேல் நீளம். நம் சிறிய செடான் கார்களின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு. இவ்வளவு நீண்ட அலைக்குப் பத்து அங்குல ஊஃபரின் விளிம்பு ஒரு தடையே இல்லை. பின்னால் பிறந்தது முன்னால் சுற்றி வந்து, முன்னால் பிறந்ததை அழித்துவிடும். மேசைமேல் வெறும் ஊஃபரை வைத்துப் பாட வைத்தால் கோன் துடிதுடிக்கும், பேஸ் மட்டும் வராது. காரணம் இதுதான்.

பெட்டியின் முதல் வேலை இந்த இரண்டையும் சேரவிடாமல் பிரிப்பது. அந்த வேலையைக் காரின் உடம்பையே செய்ய வைப்பதுதான் பெட்டியில்லா முறை. செடான் காரில் பின்சீட்டுக்கு அந்தப் பக்கம் டிக்கி தனி அறையாக இருக்கிறது. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள டிரேயிலோ, பின்சீட்டின் முதுகுக்குப் பின்னாலோ ஊஃபரைப் பொருத்தினால், முன்பக்க ஒலி நமக்கு, பின்பக்க ஒலி டிக்கிக்கு. மாருதி டிசையரின் டிக்கி ஏறக்குறைய 380 லிட்டர், ஹோண்டா சிட்டியுடையது 500 லிட்டரைத் தாண்டும். அவ்வளவு பெரிய பெட்டியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கெட்டுப்போவது எங்கே என்றால், தடுப்பில். டிரேயின் துணியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் உள்ள தகட்டில் கம்பெனிக்காரர்களே விட்ட ஓட்டைகள் எத்தனை! பின்சீட்டுக்குப் பின்னாலும் திறந்த இடங்கள் உண்டு. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் விடிவதற்குள் வயல் வற்றிவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும். டிரேயில் ஊஃபரை மட்டும் திருகிவிட்டு ஓட்டைகளை அப்படியே விட்டால், பேஸ் அந்த வழியாகவே போய்ச் செத்துவிடும். பிறகு ஊஃபர் சரியில்லை என்று அதைவிடப் பெரியதை வாங்கி வருவார்கள். அதுவும் அதே இடத்தில் அதே மாதிரிதான் பாடும்.

ஆகவே முதலில் அட்டையை வெட்டி அளவு பிடித்து, 18 மில்லிமீட்டர் பலகையில் தடுப்பு செய்ய வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அறுக்கச் சுலபம். ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் நீர் தாங்கும் பிளைவுட்டே நல்லது. பலகை தகட்டைத் தொடும் இடமெல்லாம் ஃபோம் பட்டை, சிறு இடுக்குகளுக்கு சிலிகான், மெல்லிய தகட்டின் மேல் அதன் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். கடைசியாக ஒரு சோதனை: இரவில் டிக்கிக்குள் டார்ச்சை ஏற்றி வைத்து மூடிவிட்டு, விளக்கில்லாமல் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே ஒலியும் கசியும். செலவே இல்லாத சோதனை, இதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று, பல கார்களில் டிக்கி வழியாகத்தான் வெளியேறுகிறது. பின் பம்பருக்கு உள்ளே அதற்கென்று காற்றுவழி உண்டு. தடுப்பு நன்றாக அமைந்தால் கதவு சாத்தக் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். அதற்குப் பயந்து தடுப்பைத் தளர்த்த வேண்டாம், கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டுச் சாத்தினால் போதும். ஆனால் அந்த வெளிக்காற்று வழியை மட்டும் ஒருபோதும் ஒட்டி அடைக்காதீர்கள்.

இனி ஊஃபர். எல்லா ஊஃபரும் இதற்குத் தோதுப்படாது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இல் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கான கணக்கை வகுத்தார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று நல்ல ஊஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்கள் அவர்கள் பெயரால் அறியப்படுபவை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். கியூ.டி.எஸ். என்பது கோனின் ஆட்டம் எவ்வளவு தளர்வாக விடப்படுகிறது என்று காட்டும் எண். அது 0.6-ஐ ஒட்டியோ சற்று மேலோ இருந்தால் நல்லது. 0.35 போல இருந்தால் அது பெட்டிக்காகவே செய்தது. டிக்கியில் மெலிந்து ஒலிக்கும். வி.ஏ.எஸ். என்பது லிட்டர் கணக்கு: கோனைத் தாங்கும் பிடிப்பின் நெகிழ்வுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு. டிக்கி அதைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். தனியாக 30 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதாவது தன் இயல்பிலேயே அந்த வேகத்தில் ஆடும் ஊஃபர், வி.ஏ.எஸ். 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 30 லிட்டர் மூடிய பெட்டியில் அடைத்தால் அந்த 30 ஹெர்ட்ஸ் 49-க்கு ஏறிவிடும், அதற்குக் கீழே உள்ள பேஸ் மெலிந்துவிடும். டிசையர் டிக்கியிலோ 32-இல் நிற்கும். தவிலின் இடந்தலை விழும்போது குழைந்து, நீண்டு, இயல்பாகக் கேட்பது இதனால்தான். சாமான் ஏற்றி டிக்கியில் 150 லிட்டர் காற்றே மிஞ்சினாலும் 35 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். மூட்டை கோனின் முதுகில் இடிக்காமல் இருக்க இரும்பு வலை மட்டும் கட்டாயம்.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று கோனைப் பிடித்து நிறுத்தும். இங்கே அந்தப் பிடி மிகக் குறைவு. ஒரே சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் ஓடும் தூரத்தைப் போல நான்கு மடங்கு 20 ஹெர்ட்ஸில் கோன் ஓட வேண்டும், ஓடியே கிழிந்துவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரில், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் சப்சோனிக் ஃபில்டர் இருக்க வேண்டும், அதை 25, 30 ஹெர்ட்ஸில் நிறுத்த வேண்டும். தெருவே அதிர வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் பெட்டியே வாங்கட்டும். பாட்டைப் பாட்டாகக் கேட்பவர்களுக்குத்தான் இது.

டிக்கி தனி அறையாக இல்லாத ஹேட்ச்பேக் கார்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பின் டிரே கயிற்றில் தொங்கும் ஓர் அட்டை, அது எதையும் பிரிக்காது. சீட்டுக்கு அடியில் வைக்கும், தன் பெட்டியோடு வரும் சிறு ஊஃபரே உங்களுக்கு. சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கும் டிக்கியிலும் நான் இந்த வேலையைச் செய்வதில்லை. எரிவாயுக் குழாய் ஓடும் இடத்தில் துளையும் திருகும் வேண்டாம்.

கார் உடம்பைப் பெட்டியாக்குவது உள்ளூர் யோசனை என்று நினைக்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ. கார்களில் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் ஊஃபர், கதவுக்குக் கீழே ஓடும் வெற்றுச் சட்டத்தைத்தான் பெட்டியாகப் பயன்படுத்துகிறது. மெர்சிடிஸ் 2012-இல் தன் எஸ்.எல். காரில் காலடிக்கு முன்னே உள்ள சட்டத்தின் வெற்றிடத்திலேயே ஊஃபரை அமைத்தது.

டிரேயை வெட்டும் முன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்சீட் பெல்ட்டின் சுருளும், குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவற்றின் பக்கத்தில் ரம்பம் போகக் கூடாது. ஊஃபரைத் தகட்டுத் திருகில் தொங்கவிடாமல், நட்டும் போல்ட்டும் போட்டுப் பலகையோடு கட்டுங்கள். மோதலில் அது கழன்றால் பின்சீட்டில் இருப்பவர் தலைக்குத்தான் வரும். 300 வாட் ஆம்ப் 27 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கேற்ற முழுச் செம்பு வயரும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸும் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரைச் செம்பு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு ஆம்பை அணைத்துவிட்டு, ஊஃபரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்து மறுபடி கேளுங்கள். எதில் பேஸ் கூடுகிறதோ அதுவே சரி. நம்பர் பிளேட் கடகடத்தால் அதன் பின்னால் ஒரு துண்டு ஃபோம் ஒட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.