பீர்க்கங்கொடியின் ஆண் பூவும் பெண் பூவும்

நேயர்களுக்கு வணக்கம். ஆடிப்பட்டத்தில் மாடியில் போட்ட பீர்க்கு, சுரை, புடலை, பரங்கி எல்லாம் ஆவணிக் கடைசியில் பூத்துவிடும். அப்போது சென்னையில் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "கொடி நிறையப் பூ, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை." உடனே மருந்து வாங்கி அடித்துவிடுகிறார்கள். அதற்கு முன் பூவின் அடிப்பக்கத்தைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில்தான் இருக்கும். பெண் பூவில் இதழுக்குக் கீழே விரல்நுனி அளவில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் சூற்பை. பீர்க்கில் அதற்கு வரிகூட விழுந்திருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். கொடி முதலில் ஆண் பூக்களைத்தான் விடும். பத்துப் பதினைந்து நாள் அவை மட்டுமே பூத்து உதிர்வது இயல்பு. அதற்கு மருந்தே வேண்டாம்.

பெண் பூவும் உதிர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். விழுந்த பிஞ்சை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. அந்தப் பிஞ்சுகளைத் தொட்டியிலேயே விடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். புழுவும் இல்லை, குத்திய தடமும் இல்லை, நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கியிருக்கிறது என்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை.

ஆண் பூவின் மகரந்தத்தூள், பெண் பூவின் நடுவே இருக்கும் சூலகமுடியில் விழுந்ததும் முளைக்கிறது. மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, சூற்பைக்குள் இருக்கும் சூலைத் தொடுகிறது. ஒரு சூல் விதையாக ஒரு தூள் வேண்டும். வளரும் விதைகள்தான் காய்க்குச் சத்தை இழுக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் விதை பிடித்தால் மறுபக்கம் சூம்பி, காய் கோணலாகிவிடும். வளைந்த பீர்க்கங்காய் பலவற்றின் கதை இதுதான்.

தேனீ வராத உயரமான மாடியிலும், நிழல்வலை போட்டு மூடிய இடத்திலும் நாம்தான் ஆண் பூவின் தூளைப் பெண் பூவில் சேர்க்க வேண்டும். நேரம் முக்கியம். பரங்கியும் பாகலும் விடியற்காலையில் விரியும். பரங்கிப் பூ ஒன்பது பத்து மணிக்குள் கூம்பிவிடும். பீர்க்கு, சுரை, புடலை சாயங்காலம் விரிபவை. காலையில் பீர்க்கம்பூவைத் தேடிப் போனால் வாடிய பூதான் கிடைக்கும்.

அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிள்ளிவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அதைப் பெண் பூவின் நடுவே, மூன்றாகப் பிரிந்திருக்கும் சூலகமுடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். நனைந்த பூவில் தூள் வெடித்து வீணாகும் என்பதால் மழை நாளில் மொட்டாக இருக்கும்போதே காகிதப் பை மாட்டிவையுங்கள். மூன்று நாலு நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் சூல் பிடித்துவிட்டது.

பெண் பூவே வரவில்லையா? இலை கரும்பச்சையாக மதமதவென்று இருந்தால் தழைச்சத்து அதிகம். சாணக் கரைசலையும் பிண்ணாக்குக் கரைசலையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சுரையில் பெண் பூ பக்கக்கிளைகளில்தான் அதிகம் வரும். பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் நடுக்கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். இருபது லிட்டர் பக்கெட்டில் ஒரே கொடிதான். இரண்டு வைத்தால் வேர் ஒன்றையொன்று நெருக்கி இரண்டுமே காய்க்காது.

இன்னொன்று, பறிக்கத் தயங்காதீர்கள். கொடியில் ஒரு காய் முற்றினால் சத்து முழுக்க அதற்கே போய், புதுப் பிஞ்சுகள் கருகும். விதைக்கு விட வேண்டிய காயைப் பருவத்தின் கடைசியில் விடுங்கள். பீர்க்கும் சுரையும் என்றால் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்கும்போது பறிக்கலாம்.