நான்கு பேர், ஒரே மூச்சு

சாக்ஸபோன் நால்வர் குழுவின் கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாடியே போய் உட்காருங்கள். மேடையோரம் நான்கு பேரும் மிட்டாய் சப்புவதுபோல் நிற்பார்கள். வாயில் இருப்பது நாணல் பட்டை. நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொள்கிறாரே, அதே காரியம்தான். உடம்பு முழுக்கப் பித்தளையாக இருந்தும் சாக்ஸபோனை மரக்குழல் இனத்தில் சேர்ப்பது இந்தப் பட்டையால்தான்.

பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டு அணைத்துக்கொண்டது. சிம்பொனி இசைக்குழுவோ, எப்போதாவது கூப்பிட்டு அனுப்பும் விருந்தாளியாகவே வைத்திருந்தது. சரி, நமக்கென்று ஒரு திண்ணை போட்டுக்கொள்வோம் என்று 1928-இல் கிளம்பியவர் சாக்ஸபோன் கலைஞர் மார்செல் ம்யூல். பிரெஞ்சுக் குடியரசுக் காவற்படை பேண்டிலிருந்து நான்கு பேர்: உச்சக் குரலிலிருந்து கனத்த குரல்வரை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன் என்று ஆளுக்கொரு சாக்ஸபோன். சிங்கெலே என்ற இசையமைப்பாளர் 1857-லேயே இந்த நான்குக்கும் எழுதியிருந்தார். ஆனாலும் கையில் இருந்த உருப்படிகள் சொற்பம்.

அப்போது ரஷ்யாவை விட்டு வந்து பாரிஸில் இருந்தார் இசையமைப்பாளர் கிளாசுனோவ், அறுபது கடந்தவர். 1932-இல் இவர்களுக்காக ஒரு குவார்டெட், அதாவது நால்வர் வாசிக்கும் உருப்படி, எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு கவலை: இவ்வளவு நீளம், வாசிப்பவர்கள் களைத்துவிடுவார்களோ? குழுவில் ஒருவரிடமே கேட்டார். அவர் தைரியம் சொன்னாராம். நியாயமான கவலைதான். வயலின் வில் திரும்பி வந்துவிடும். மூச்சை எங்காவது வாங்கியாக வேண்டும். சொற்றொடரை உடைக்காமல் ஒருவர் வாங்கும்போது மற்றவர்கள் தாங்குகிறார்கள். எனக்கு இந்த இசையில் பிடித்ததே அந்தத் தாங்கல்தான்.

அப்புறம் 1969-இல் தொடங்கிய ராஷர் குவார்டெட் என்ற சாக்ஸபோன் நால்வர் குழு புதிய உருப்படிகளைக் கேட்டு வாங்கிக் குவித்தது. இசையமைப்பாளர் செனாக்கிஸ் 1987-இல் எழுதியது கரடுமுரடு. முதல் தடவை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். இன்னொரு இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் 1995-இல் எழுதிய கான்செர்ட்டோ (நால்வரும் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிப்பது) காதுக்கு இதம்.

இப்போது கிளாசுனோவின் இரண்டாம் பகுதியைப் போடுகிறேன். நடத்துநர் கிடையாது, நால்வரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். முதல் ஸ்வரத்துக்குச் சற்று முன் மூக்குறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். சளி என்று நினைத்துவிடாதீர்கள். சோப்ரானோக்காரர் தாளம் கொடுக்கிறார்.