பேரன் ஏழையா, பாட்டி ஏழையா?

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகத்தின் 2022-ஆம் ஆண்டு அதிகாரபூர்வக் கணக்குப்படி, அந்நாட்டில், 18 வயதுக்கு உட்பட்டவர்களில் 15 சதவீதம் பேர் ஏழைகள். 65-ஐ எட்டியவர்களில் 10.2 சதவீதம். அதே ஆண்டுக்கு அதே பணியகம் வெளியிட்ட துணை வறுமை அளவீட்டில் சிறுவர் 12.4, முதியோர் 14.1. வரிசையே தலைகீழ்!

இரண்டுமே பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எடுத்தவை அல்ல. அந்தப் படிவத்தில் இப்போது வருமானக் கேள்வி கிடையாது. 2000 வரை ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் போன நீண்ட படிவத்தில் இருந்தது. இன்று பணியகம் நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்புகள்தான் ஆதாரம்.

அதிகாரபூர்வ அளவீட்டில் குடும்பத்தார் எல்லோருடைய வரிக்கு முந்தைய ரொக்க வருமானத்தையும் கூட்டுகிறார்கள். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் என்றால் 2022-இல் வறுமைக் கோடு 29,678 டாலர். அதற்கு ஒரு டாலர் குறைந்தாலும் நால்வரும் ஏழைகள். பச்சைக் குழந்தைக்கு ஏது சம்பாத்தியம்? குடும்பத்தின் நிலையைத்தான் அதன் பெயரில் எழுதுகிறோம். சிறுவர் வறுமை என்பது பெரும்பாலும் பெற்றோரின் கூலி பற்றிய புள்ளிவிவரமே.

இந்தக் கோட்டை 1960-களில் வகுத்தவர் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி. சிக்கனமான உணவுச் செலவைப் போல மூன்று மடங்கு என்பதே அடிப்படை. முதியவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று அன்று போட்ட கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாக வாழ்பவர் 65-க்குக் கீழே என்றால் 2022-இல் கோடு 15,225 டாலர்; 65 ஆகிவிட்டால் 14,036. ஆண்டுக்கு 14,500 டாலரில் காலம் தள்ளுபவர் 64 வயதில் ஏழை. 65 பிறந்ததும், கையில் ஒரு காசு கூடாமலே, வறுமையிலிருந்து ‘மீண்டு’விடுகிறார்! முதியோர் வறுமை குறைவு என்று யாராவது பெருமைப்பட்டால் இதை முதலில் கேளுங்கள்.

2011 முதல் வெளிவரும் துணை அளவீட்டில் இந்த வயது வேறுபாடு இல்லை. உணவு உதவி, வாடகை உதவி, வரிச் சலுகைகளைக் கூட்டி, வரி, வேலைக்குப் போகும் செலவு, கைப்பணத்திலிருந்து கட்டிய மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். சலுகைகள் பிள்ளைகள் உள்ள வீட்டைத் தூக்கிவிடுகின்றன. மருத்துவச் செலவு முதியோரை அழுத்துகிறது. குழந்தை வரிச் சலுகை தற்காலிகமாக விரிந்திருந்த 2021-இல் இந்த அளவீட்டில் சிறுவர் வறுமை 5.2 சதவீதம். அது முடிந்த மறு ஆண்டே 12.4.

தரவுக் கோப்பை எடுத்து நீங்களே கணக்கிடுவதாக இருந்தால், பலர் வழுக்கும் இடம் எடை எண், அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் அல்லது ஒரு குடும்பம் நாட்டில் எத்தனைக்குச் சமம் என்று காட்டும் எண். குடும்பத்துக்குரிய எடையைப் போட்டால் ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கைதான் கிடைக்கும். வயதுவாரியாக எண்ண ஒவ்வொருவருக்கும் உரிய தனிநபர் எடை வேண்டும். அடுத்தது, யார் கணக்கிலேயே இல்லை என்பது. உள்ளூர் விவரம் தரும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் இருப்பவர்களுக்கு வறுமை நிலை கணக்கிடப்படுவதில்லை. உறவினர் அல்லாதவர் வீட்டில் வளரும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆனால் வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர் கணக்கில் வருவார், வீட்டிலிருந்து பணம் வந்தாலும் பெரும்பாலும் ஏழையாகவே. பல்கலைக்கழக ஊர்களில் வறுமை எகிறி நிற்பது இதனால்தான். ஆகவே 18 முதல் 64 வரை ஒரே மூட்டையாகக் கட்டாமல், 18 முதல் 24 வரை உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

சிறிய மாவட்டங்களுக்கு இந்தக் கணக்கெடுப்பின் ஐந்து ஆண்டுப் பதில்களைச் சேர்த்த ஐந்தாண்டுத் தொகுப்புதான் கிடைக்கும். வயதுவாரியாகப் பிரிக்கப் பிரிக்க மாதிரி மெலிந்து பிழை வரம்பு வீங்கும். 2016–2020 தொகுப்பையும் 2017–2021 தொகுப்பையும் ஒப்பிட்டு ‘ஓராண்டில் மாற்றம்’ என்று எழுதாதீர்கள். நான்கு ஆண்டுகளின் பதில்கள் இரண்டுக்கும் பொது. 2012–2016-ஐ 2017–2021 உடன் வைத்துப் பாருங்கள்.